மூன்று பள்ளிக்கூடம், ஒரு புது மென்பொருள்: ஜூனில் மாறலாமா?

வாசகர் கேள்வி

மன்னார்குடியில் ஒன்று, திருத்துறைப்பூண்டி அருகில் ஒன்று, வேதாரண்யம் பக்கத்தில் ஒன்று என மூன்று மெட்ரிக் பள்ளிகளை எங்கள் அறக்கட்டளை நடத்துகிறது. மன்னார்குடியில் சுமார் 900 பிள்ளைகள். மற்ற இரண்டில் 350, 180. என் மாமனார் காலத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் கட்டணமும் டிசியும் இன்றுவரை ஓடுகின்றன. அந்தக் கம்ப்யூட்டர் எப்போது நிற்கும் என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். வருகை, கட்டணம், மதிப்பெண், வேன், பெற்றோருக்கான ஆப் எல்லாம் கிளவுடில் ஒரே இடத்தில் இருக்கும், எமிஸுடனும் (மாணவர் விவரத்துக்கான மாநில அரசுத் தளம்) இணைந்துவிடும், ஜூனில் மூன்று பள்ளியையும் மாற்றித் தருகிறேன் என்கிறார். மூன்று வருடப் பணத்தைச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடியாம். முப்பது வருடமாக எங்களிடம் இருக்கும் கிளார்க் அண்ணன் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். "புயல் வந்து நெட் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். பிள்ளைகளின் விவரம் வெளியே போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. மாறலாமா, வேண்டாமா?

— தாளாளர், மன்னார்குடி

பதில்

வணக்கம் மேடம். மாறுங்கள். ஆனால் ஜூனில் வேண்டாம், மூன்று பள்ளியையும் ஒரே நாளில் வேண்டாம், மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கவும் வேண்டாம். உங்கள் கிளார்க் அண்ணனைச் சமாளிப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள். இந்த வேலையை முன்னின்று நடத்த வேண்டியவரே அவர்தான். ஏன் என்று சொல்கிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டப் பள்ளிகளுக்கு இந்த வேலையைச் செய்து தருபவன் நான். எந்தக் கம்பெனிக்கும் முகவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனின் புயல் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. உங்கள் மூன்றாவது பள்ளிக்கு நான் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. கரண்ட் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல் சிக்னலும் இல்லை. அந்த நாட்களில் எல்லா விவரமும் கிளவுடில் மட்டும் இருந்திருந்தால் யாராலும் திறந்து பார்த்திருக்க முடியாது. அண்ணன் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் கூரை பறந்த அலுவலகத்தில் நனைந்துபோன கம்ப்யூட்டர் என்ன ஆகும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். கிளவுடில் இருப்பது சில நாள் கைக்கு எட்டாமல் போகும். உங்கள் மேசையில் மட்டும் இருப்பது போனால் போனதுதான்.

அதனால் இரண்டுக்கும் ஏற்பாடு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர் கடைசியில், வகுப்புவாரியாகப் பெயர், பெற்றோர் போன் எண், ரத்த வகை, வேன் நிற்கும் இடம், கட்டணப் பாக்கி இவற்றை அச்செடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை முழு விவரத்தையும் பாஸ்வேர்டு போட்ட ஒரு பென்டிரைவில் இறக்கி, வேறு ஊரில் வையுங்கள். வேதாரண்யத்துப் பிரதி மன்னார்குடியில் இருக்கட்டும், மன்னார்குடிப் பிரதி திருத்துறைப்பூண்டியில் இருக்கட்டும். மூன்று பள்ளி இருப்பதில் உங்களுக்குள்ள வசதி இது.

புயல் எப்போதோ வருவது. தினமும் வரும் சோதனை காலை 9:30 மணி. எல்லா ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் வருகை போடுவார்கள். கம்பெனிக்காரர் ஏசி அறையில் தன் போனில் காட்டியது கணக்கில் சேராது. வேதாரண்யம் பள்ளியின் கடைசி வகுப்பறையில் நின்று, அங்கே எடுக்கும் சிக்னலில், காட்டச் சொல்லுங்கள். நெட்டை அணைத்துவிட்டு வருகை போட்டால் ஆப் அதைச் சேமித்து வைத்து, நெட் வந்ததும் அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பவில்லை என்றால் அந்த மென்பொருள் டெல்டாவுக்கு ஆகாது. அப்புறம் பள்ளியில் இன்வெர்ட்டர் இருந்தாலும் வைஃபை ரவுட்டரை அதில் இணைக்க மறந்துவிடுவார்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது, பெரிய செலவு இல்லை. இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி மாற்றம் சொதப்பினால் பெரும்பாலும் மென்பொருளைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த வரையில் கோளாறு பழைய விவரத்தைப் புதியதில் ஏற்றும்போதே நுழைந்துவிடுகிறது. யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருந்து, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது வெளியே வருகிறது.

கம்பெனிக்காரர் உங்களிடம் ஒரு எக்செல் படிவம் கொடுத்து, "இதில் நிரப்பித் தாருங்கள், நாங்கள் ஏற்றிவிடுகிறோம்" என்பார். 16 இலக்கம் உள்ள எமிஸ் எண் ஒன்றை எக்செலில் சாதாரணமாக அடித்துப் பாருங்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும்; பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். 4567 என்று முடியும் எண் 4560 ஆகிவிடும். அடுத்தடுத்துச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறுபடும் என்பதால், ஒரே எண் பல பிள்ளைகளுக்கு வந்து நிற்கும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடித்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய புரோகிராமிலிருந்து இறக்கிய கோப்பை யாராவது எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறந்து, பார்த்துவிட்டு சேமித்தாலே போதும், வேலை கெட்டுவிடும். அசல் கோப்பை யாரும் தொடாதபடி ஒரு பிரதி தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிறந்த தேதி இன்னும் மோசம். 23/06/2014 என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் தவறாகப் படிக்க முடியாது, 23-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. ஆனால் 05/06/2014 ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், அமெரிக்க முறையில் மே 6 ஆகவும் மாறலாம். அதனால் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். 1 முதல் 12 தேதிக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். சரிபார்க்கும்போது நேரமில்லை என்றால் அந்தப் பிள்ளைகளை மட்டுமாவது சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. உங்கள் பழைய புரோகிராம் அந்தக் காலத்து ஆள் எழுதியது என்பதால் பாமினியோ வானவில்லோ போன்ற ஃபான்ட்டில்தான் பெயர்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் ஊர்ப்பக்க அலுவலகங்களில் பழைய ஃபான்ட் போகவில்லை. அந்தப் பெயர்களை அப்படியே புதியதில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் இடங்களையும் அவை தமிழாக்கித் தொலைக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

இனிஷியல் தனி வழக்கு. வெளியூர் மென்பொருள்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். ச. கவின் என்ற பையனை ஏற்றும்போது அப்பா பெயரைக் கடைசிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அடையாள அட்டையில் கவின் சரவணன், ஆதாரில் கவின் எஸ், மதிப்பெண் சான்றிதழில் எஸ் கவின் என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாகிவிடும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் உங்களிடம் படித்தால், முகமது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்வார். அபார் எண் (மத்திய அரசின் மாணவர் அடையாள எண்) உருவாக்கப் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பதால் இது இப்போது அவசர வேலையும்கூட. எது சரியான எழுத்து என்று கம்பெனிக்காரப் பையன் முடிவு செய்யக் கூடாது. பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சமூகப் பிரிவையும் பார்த்துவிடுங்கள். வட இந்தியப் பள்ளிகளை மனதில் வைத்துச் செய்த மென்பொருளில் ஜெனரல், ஓபிசி, எஸ்சி, எஸ்டி என்று நாலே வகைதான் இருக்கும். நமக்கு பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, டிஎன்சி, எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி என்று தனித்தனியாக வேண்டும். எல்லோரையும் ஓபிசியில் தள்ளிவிட்டால் உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும் நாளில் மறுபடி பதிவேட்டைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் தீர்ந்துவிடும். தீராத ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டணப் பேரேட்டை எடுத்து ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். "தாத்தா கட்டுவார்." "அம்மாவிடம் மட்டும் பேசவும்." "அண்ணன் 8-பி, சலுகை." "அப்பா நம்பர் தரக் கூடாது." எந்த எக்செல் படிவத்திலும் இதற்குப் பெட்டி கிடையாது. ஆனால் பள்ளி அலுவலகம் தகராறு இல்லாமல் நடப்பதே இந்தப் பென்சில் எழுத்தால்தான்.

பெற்றோர் ஆப் வந்துவிட்டால், பிள்ளை வரவில்லை என்ற செய்தி, மதிப்பெண், வேன் எங்கே வருகிறது என்பது எல்லாம் பதிந்த எண்ணுக்குத் தானாகப் போகும். கணவரைப் பிரிந்து வாழும் ஒரு தாய், பிள்ளை எந்த வேனில் ஏறுகிறது என்பது அந்தக் கணவருக்குத் தெரியக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கலாம். படிவத்தில் அப்பா எண் என்ற பெட்டி காலியாக இருக்கிறதே என்று யாரோ பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பினால் என்ன ஆகும்? அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்தி யாருக்குப் போக வேண்டும், யாருக்குப் போகக் கூடாது என்பதை அண்ணன் வாயால் சொல்லக் கேட்டுக் குறிக்க வேண்டும். அதே சமயம் அந்தக் குறிப்பின் காரணத்தை மென்பொருளில் எழுதக் கூடாது. யாருக்குச் செய்தி என்பது மட்டும் போதும். காரணம் தலைமையாசிரியர் பீரோவிலேயே இருக்கட்டும்.

எண்களிலும் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். பள்ளியில் கொடுத்த இந்திய எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், வாட்ஸ்அப் மட்டும் வேறு எண்ணில் ஓடும். ஆப் திறக்க ஓடிபி அந்தச் செத்த எண்ணுக்குத்தான் போகும். ஆப் அறிமுகம் செய்யும் முதல் வாரம் உங்கள் அலுவலக வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி இதற்காக வந்ததாக இருக்கும். ஊரில் பிள்ளையோடு இருப்பவரின் எண்ணையே முதல் எண்ணாகப் பதியுங்கள்.

செய்தியைத் தமிழில் அனுப்பச் சொல்வீர்கள், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து, தமிழ் என்றால் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. சாதாரணமாக எழுதும் ஒரு விடுமுறை அறிவிப்பே இரண்டு மூன்று எஸ்எம்எஸ் கட்டணம் ஆகிவிடும். மழை விடுமுறைக் காலத்தில் 1,400 வீட்டுக்கு வாரம் இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கு தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புநரைப் பதியும் டிஎல்டி பதிவும் வேண்டும். அந்தப் பதிவு உங்கள் அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும், கம்பெனியின் பெயரில் வேண்டாம். நாளைக்கு கம்பெனியை மாற்றினாலும் அனுப்புநர் பெயர் உங்களோடு வரும்.

கட்டணத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகக் கேளுங்கள். மென்பொருள்காரர்களின் கணக்கில் வருடம் என்பது மூன்று தவணை. தேதி தாண்டினால் அபராதம், தானாக ஒரு நினைவூட்டல், பாக்கி இருந்தால் மதிப்பெண் அட்டை பூட்டப்படும். டெல்டாவில் அப்படியா பணம் வருகிறது? குறுவை அறுத்தால் ஐப்பசியில் கொஞ்சம், சம்பா அறுத்துத் தை, மாசியில் மிச்சம். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, வங்கியில் பணம் ஏறியதும் கட்டுகிறேன் என்பவரை அண்ணனுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மூட்டை நனைந்து கொள்முதல் நின்று கிடக்கும் வாரத்தில் அவர் போனுக்கு அபராதச் செய்தி போனால், அடுத்த ஜூனில் பிள்ளை வேறு பள்ளியில் இருக்கும். தானியங்கி அபராதத்தையும் பூட்டையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். அணைக்க வசதி இல்லை என்றால் வாங்காதீர்கள். பழைய பாக்கியைப் பொறுத்தவரை, பிள்ளைக்கு ஒரு வரி தொடக்க இருப்பாக ஏற்றினால் போதும். பத்து வருட ரசீதுகளை அப்படியே பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எமிஸுடன் இணைந்துவிடும் என்கிறாரே, அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் எமிஸ் கேட்கும் வடிவத்தில் ஒரு எக்செல் இறக்கித் தருவதையே 'இணைப்பு' என்பார்கள். அதுவும் உபயோகம்தான், ஆனால் எமிஸில் பதிவது உங்கள் வேலையாகவே இருக்கும். டிசி கொடுத்ததும் பிள்ளையை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு விடுவிப்பதும், சேர்ந்த பிள்ளையை அங்கிருந்து எடுப்பதும் முன்போலவே தொடரும். மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யூடைஸுக்குச் செப்டம்பர் 30 நிலவரக் கணக்கும் அப்படியே.

பிள்ளைகளின் விவரம் வெளியே போய்விடுமா என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் பவர்ஸ்கூல் என்ற மிகப் பெரிய பள்ளி மென்பொருள் நிறுவனத்தில் புகுந்தார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வாடிக்கையாளர் உதவித் தளத்தின் திருடப்பட்ட ஒரு பாஸ்வேர்டு போதுமானதாக இருந்தது. நிறுவனம் கேட்ட பணத்தைக் கொடுத்தது. அப்படியும் 2025 மே மாதம் பள்ளி நிர்வாகங்களுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது. கனடாவின் டொராண்டோ பள்ளி வாரியத்தில் 1985 முதல் படித்தவர்களின் விவரம்கூட அதில் இருந்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தேவையில்லாததை ஏற்றவே கூடாது என்பதுதான். வீடு மாறும்போது பரணில் கிடப்பதையெல்லாம் லாரியில் ஏற்றுவதில்லையே. இப்போது படிக்கும் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள். பழைய மாணவர் டிசி நகல் கேட்டு வந்தால் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகலை ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அபாருக்காக எண் தேவைப்பட்டால் அது பெற்றோர் சம்மதத்தோடு அதற்குரிய அரசுத் தளத்தில் போகட்டும். தனியார் கம்பெனியின் கிளவுடில் அட்டையின் படம் எதற்கு?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதில் உங்களுக்கு முக்கியமானது எது என்றால், விவரம் கம்பெனியின் கையிலிருந்து கசிந்தாலும் பொறுப்பு பள்ளிக்குத்தான். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். அவ்வளவு உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும், கம்பெனிக்காரர் "அதெல்லாம் எங்க பொறுப்பு மேடம்" என்று வாயால் சொல்வதில் அர்த்தமில்லை என்பது புரியும். ஒப்பந்தத்தில் எழுதட்டும்: கசிவு தெரிந்த உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும், பெற்றோர் ஆப்பில் டியூஷன் விளம்பரம் வரக் கூடாது. உங்கள் பக்கத்தில், ஆளுக்கு ஒரு கணக்கு, தாளாளர், தலைமையாசிரியர், அலுவலகக் கணக்குகளுக்கு ஓடிபி கட்டாயம். பாஸ்வேர்டை மானிட்டரில் துண்டுச் சீட்டாக ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஆறாம் வகுப்பு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்போது காலத்துக்கு வருவோம். மே, ஜூன் என்றால் உங்கள் அலுவலகத்தில் டிசி, புதுச் சேர்க்கை, புத்தகம், சீருடை, வேன் வழித்தடம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். அந்த மாதத்தில் புதுக் கருவியைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் எவரும் வெறுப்பார்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு, ஜனவரியில், வேதாரண்யம் பள்ளியில் தொடங்குங்கள். 180 பிள்ளை என்பதால் தவறினாலும் கையால் திருத்திவிடலாம். சிக்னலும் கரண்டும் அங்கேதான் மோசமாக இருக்கும் என்பதால் அங்கே ஓடினால் மற்ற இரண்டிலும் ஓடும். கம்பெனிக்காரர் மன்னார்குடியில்தான் தொடங்க ஆசைப்படுவார், அவர் கணக்கு 900. முதலில் வருகை, பிறகு கட்டணம், மதிப்பெண் கடைசியில். ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். மாதக் கடைசியில் கட்டண வசூல் இரண்டிலும் ஒரே தொகையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழையதை நிறுத்துங்கள். ஜூன் நெருக்கடி ஓய்ந்ததும் திருத்துறைப்பூண்டி. மன்னார்குடி அதற்கடுத்த கல்வியாண்டில்.

நிறுத்துவது என்றால் நிஜமாகவே நிறுத்த வேண்டும். ஆசிரியர்கள் வருகையை ஆப்பிலும் போட்டு, நோட்டிலும் எழுதி, எமிஸுக்கும் கொடுத்தால் மூன்றாவது மாதம் ஆப்பில் எல்லோரும் 'வந்தார்' என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார்கள். புதிதாக ஒன்றைக் கேட்டால் பழையதில் ஒன்றைக் குறையுங்கள். சேர்க்கைப் பதிவேடு மட்டும் என்றைக்கும் காகிதத்தில் இருக்கட்டும், டிசிக்கு மூலம் அது. அப்புறம், ஆசிரியர்கள் சொந்த போனில், சொந்த டேட்டாவில் பள்ளி வேலை செய்யப் போகிறார்கள் என்றால் மாத ரீசார்ஜை நீங்கள் கொடுப்பதுதான் முறை.

கிளார்க் அண்ணனை டைப் அடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு இளம் உதவியாளர் அடிக்கட்டும். ஒவ்வொரு வகுப்புப் பட்டியலும் அச்சாகி அவர் மேசைக்கு வர வேண்டும், பதிவேட்டோடு ஒப்பிட்டு அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த வகுப்பு புதியதில் போக வேண்டும். கம்பெனிக்காரரிடமும் அதை அவர் எதிரிலேயே சொல்லுங்கள். முப்பது வருடம் அவர் தலையில் வைத்திருப்பதை எழுத்தில் வாங்க உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பும் இதுதான். அவர் ஓய்வு பெற்ற பிறகு இதைத் தொடங்கியிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

பணம்: ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை சொல்லியிருப்பார், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டா என்று கேளுங்கள். பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் நீங்கள் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை, அது முழுச் செலவு. அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு வரம்பு வேண்டும். விலகிப் போனால் எல்லா விவரமும், பிள்ளைகளின் படங்கள், ரசீதுகள் உட்பட, எத்தனை நாளில், எந்த வடிவத்தில் கையில் வரும், அவர்களிடம் உள்ளது எப்போது அழிக்கப்படும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை அவர் வரும்போது ஒரு வகுப்பின் விவரத்தை மட்டும் ஏற்றச் சொல்லி, அங்கேயே, அப்போதே, எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (எந்த மென்பொருளிலும் ஏற்றக்கூடிய எளிய பட்டியல் கோப்பு) திரும்ப இறக்கித் தரச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் சரியாக இருக்கிறதா, எமிஸ் எண்ணின் கடைசி இலக்கம் பிழைத்திருக்கிறதா என்று அண்ணன் பார்க்கட்டும். "அதுக்கு ஹெட் ஆபீஸ்ல டிக்கெட் போடணும்" என்றார் என்றால் வேறு இரண்டு கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.